காற்றலை வாடகையும் காணிக்கைப் பெட்டியும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் போர்ட்ஸ்மத் என்றொரு துறைமுக நகரம். அங்கே மூடிக்கிடந்த ஒரு சிறிய தொலைக்காட்சி நிலையத்தை விலைக்கு வாங்கி, 1961 அக்டோபர் 1 அன்று ஒளிபரப்பைத் தொடங்கினார் பாட் ராபர்ட்சன். செனட்டர் ஒருவரின் மகன். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். குடும்பத்தோடு அந்தப் பகுதிக்கு வந்து இறங்கியபோது கையில் 70 டாலர்தான் இருந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 1963-இல் நிலையத்தை நடத்த மாதம் 7,000 டாலர் தேவைப்பட்டது. நேயர்களிடம் அவர் வைத்த வேண்டுகோள் ஒரே வரிக் கணக்கு: மாதம் 10 டாலர் கொடுக்க 700 பேர் வேண்டும். அந்த 700 பேரின் பெயரில்தான் ‘தி 700 கிளப்’ நிகழ்ச்சி பிறந்தது. இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பது போன்றதுதான்: இவ்வளவு செலவு, உன் பங்கு இவ்வளவு. செலவும் தெரியும், போய்ச் சேரும் இடமும் தெரியும். ஆனால் இரண்டே ஆண்டில், 1965 நவம்பரில் நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சியில், வேறொன்று தெரியவந்தது. அங்கே குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம் நடத்த வந்திருந்த இளைஞர் ஜிம் பேக்கர், எதிர்பார்த்த தொகை சேரவில்லை என்று கேமராவின் முன் அழத் தொடங்கினார். தொலைபேசிகள் விடாமல் ஒலித்தன. நள்ளிரவைத் தாண்டியும் அழைப்புகள் நிற்கவில்லை. அந்தக் கண்ணீர் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் கணக்குச் சொன்னபோது வந்த பணத்தைவிட, கண்ணீர் விட்டபோது வந்த பணம் அதிகம் என்பதை அந்த அறையில் இருந்த எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

காற்றலைக்கு வாடகை கட்டவேண்டிய கட்டாயம் பிரசங்கத்துக்குள் நுழைந்து உபதேசத்தையே மாற்றிய கதை இது. ஊழியர்களில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த நூறாண்டு வரலாறு விளங்காது. வாடகையை யார் கட்டினார்கள் என்று கேட்க வேண்டும்.

இலவச நேரம், விலை நேரம்

1921 ஜனவரி 2, ஞாயிற்றுக்கிழமை. பிட்ஸ்பர்க் நகரின் கால்வரி எபிஸ்கோப்பல் ஆலயத்தின் மாலை ஆராதனையை கே.டி.கே.ஏ. வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. அந்த நிலையம் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளே வேலை பார்த்த பொறியாளர்கள் இருவர், வழிபடுவோரின் கவனம் கலையாதிருக்க, பாடகர் குழுவின் அங்கியை அணிந்துகொண்டார்கள். ஒருவர் யூதர், மற்றவர் கத்தோலிக்கர். பிரசங்கம் செய்யும் வாய்ப்பைத் தலைமைக் குருவானவர் தன் இளைய உதவியாளரிடம் விட்டுவிட்டார். இந்தப் புதிய பொருள் மீது அவருக்கு நம்பிக்கை இல்லை. மூன்றே ஆண்டில் நிலைமை தலைகீழானது. லாஸ் ஏஞ்சலீஸில் 5,300 பேர் அமரும் ஏஞ்சலஸ் ஆலயத்தைக் கட்டிய பெண் சுவிசேஷகர் எய்மீ செம்பிள் மெக்பர்சன், 1924-இல் தன் சபைக்கென்றே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கிவிட்டார்.

என்.பி.சி., சி.பி.எஸ். போன்ற பெரிய வலையமைப்புகள் சர்ச்சைக்கு இடமில்லாத, பெரிய சபைகளின் கூட்டமைப்புகளுக்கு நேரத்தை இலவசமாகக் கொடுத்தன. பொதுநலனுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கினோம் என்று உரிமம் புதுப்பிக்கும்போது அரசிடம் காட்ட அது உதவியது. எழுப்புதல் கூட்டம் நடத்தும் பிரசங்கிகளுக்கும் தனித்தியங்கும் சுவிசேஷ சபைகளுக்கும் அந்த வரிசையில் இடமில்லை. அவர்கள் பணம் கொடுத்துத்தான் நேரம் வாங்க வேண்டும். பணம் கேட்பவன் ஒரு பக்கம், கேட்கத் தேவையில்லாதவன் மறுபக்கம் என்ற பிரிவு அங்கே தொடங்கியது.

டெட்ராய்ட் அருகே ராயல் ஓக் ஊரின் கத்தோலிக்கக் குரு சார்ல்ஸ் காஃப்லின் 1926-இல் உள்ளூர் வானொலியில் பேசத் தொடங்கினார். பொருளாதார வீழ்ச்சியின் நாட்களில் அவர் பேச்சு அரசியலானது. 1931-இல் சி.பி.எஸ். அவரைக் கைவிட்டபோது, நேயர்கள் உறையில் வைத்து அனுப்பிய டாலர் நோட்டுகளைக் கொண்டு நிலையம் நிலையமாக நேரம் வாங்கித் தனக்கென ஒரு வலையமைப்பை அமைத்துக்கொண்டார். அவர் குரலைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கில் என்று மதிப்பிட்டார்கள். பிறகு அதே குரல் யூத வெறுப்பைப் பரப்பியது. 1942-இல் திருச்சபை மேலிடம்தான் அவரை அடக்கியது. நேயர்களின் பணம் ஒரு பிரசங்கியை எந்த முதலாளிக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவராக ஆக்கும் என்பதற்கு முதல் சான்று அவர்.

கலிபோர்னியாவின் சார்ல்ஸ் ஃபுல்லர் வேறு மாதிரி. ஆரஞ்சுத் தோட்டங்களோடு வாழ்ந்து பிரசங்கியானவர். அவருடைய ‘ஓல்ட் ஃபேஷன்ட் ரிவைவல் அவர்’ 1937 முதல் மியூச்சுவல் வானொலி வழியாக நாடெங்கும் ஒலித்தது. 1940-களின் தொடக்கத்தில் மியூச்சுவலின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் அவர் ஒருவர். 1944-இல் மியூச்சுவல் காசு வாங்கும் மத நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தி, ஒலிபரப்பில் பணம் கேட்பதையும் தடுத்தபோது, சுவிசேஷ ஒலிபரப்பாளர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கத்தை அமைத்தார்கள். நேஷனல் ரிலீஜியஸ் பிராட்காஸ்டர்ஸ் என்ற அந்தச் சங்கம் இன்று வாஷிங்டனில் செல்வாக்குள்ள அமைப்பு.

பிஷப் ஃபுல்டன் ஷீனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1952 முதல் டூமான்ட் தொலைக்காட்சியில் கரும்பலகை, சாக்பீஸ், சிவப்பு மேலங்கியோடு நின்று பேசினார். எம்மி விருதும் பெற்றார். நிகழ்ச்சிச் செலவைத் தொலைக்காட்சிப் பெட்டி தயாரிக்கும் அட்மிரல் நிறுவனம் ஏற்றது. நேரத்துக்காக அவர் யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை. அந்தப் பேச்சில் இருந்த நிதானத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

திருப்பம் 1960-இல் வந்தது. காசு வாங்கி ஒளிபரப்பும் மத நிகழ்ச்சியையும் பொதுநலச் சேவையாகவே கணக்கில் காட்டலாம் என்று தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. சொல்லிவிட்டது. விற்கக்கூடிய நேரத்தை எந்த நிலைய முதலாளி சும்மா கொடுப்பார்? 1959-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் மத நிகழ்ச்சிகளில் 53 சதவீதம் காசு கொடுத்து வாங்கிய நேரத்தில் ஓடியது. 1977-இல் 92 சதவீதம். பெரிய சபைகள் மெல்லத் திரையிலிருந்து மறைந்தன. திரையில் நின்றவர்கள், திரையிலேயே பணம் திரட்டத் தெரிந்தவர்கள்.

கடிதத்தின் பயணம்

ஓக்லஹோமாவின் ஓரல் ராபர்ட்ஸ் கூடாரத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடத்தியவர். 1950-களின் நடுவில் அந்தக் கூடாரத்துக்குள் கேமராவைக் கொண்டுவந்தார். 1954-இல் அவர் அறிவித்த ‘ஆசீர்வாத உடன்படிக்கை’ கவனிக்கத்தக்கது: ஊழியத்துக்கு 100 டாலர் கொடுங்கள், எதிர்பாராத வழியில் ஓர் ஆண்டுக்குள் அந்தத் தொகை உங்களுக்குத் திரும்பி வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருகிறோம். பின்னர் அது ‘விசுவாச விதை’ என்ற உபதேசமாக வளர்ந்தது. கொடுப்பது நன்றிக்காக, கடமைக்காக என்றிருந்த காணிக்கை, அறுவடையை எதிர்பார்த்துப் போடும் விதையானது. அதில் திருப்பித் தரும் பேச்சும் நின்றுபோனது. விளைச்சல் வரவில்லையென்றால் குறை விதைத்தவரின் விசுவாசத்தில்.

இந்த ஒரு மாற்றம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. மாடமாளிகைகளும் விமானங்களும்கூட இதன் விளைவுகளே. கடன்காரியான ஒரு விதவை தன் கடைசிக் காசைக் கொடுத்துவிட்டு, பலன் வராதபோது தன் மனத்தையே குற்றவாளியாக்கிக்கொள்ளச் செய்யும் உபதேசம் இது. தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு மெச்சிய கதை கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையில் அவளுக்கு நூறு மடங்கு திரும்பி வருமென்று யாரும் சொல்லவில்லை.

பணம் வந்த வழியையும் பார்க்க வேண்டும். திரையில் ஒரு தொலைபேசி எண் ஓடும். ஜெபம் வேண்டுவோர் அழைக்கலாம். மறுமுனையில் அன்போடு பேசி ஜெபிப்பார்கள். கூடவே பெயர், முகவரி, பிரச்சினை என்ன என்ற விவரம் பதிவாகும். சில நாளில் வீட்டுக்குக் கடிதம் வரும். 1970-களில் கணினி வந்த பிறகு அந்தக் கடிதம் பெயர் சொல்லி விளிக்கும். உங்கள் நோயை, உங்கள் மகனின் வேலையை நினைவில் வைத்திருப்பதுபோல் பேசும். அபிஷேக எண்ணெய்ப் பொட்டலம், ஜெபித்த துணித்துண்டு, திருப்பி அனுப்ப வேண்டிய ஜெபக்குறிப்புத் தாள் எல்லாம் உறைக்குள் இருக்கும். ஒருமுறை கொடுத்தவர் ‘பங்காளர்’ ஆகிவிடுவார். மாதாமாதம் கடிதம் தொடரும். கேமரா செய்த வேலை முகவரிகளைச் சேர்ப்பது. பணத்தில் பெரும்பங்கு தபாலில்தான் வந்தது.

யார் இந்தப் பங்காளர்கள்? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அனன்பர்க் கல்விக்கூடமும் கேலப் நிறுவனமும் சேர்ந்து 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. தொடர்ந்து பார்ப்பவர்கள் சுமார் 1 கோடியே 33 லட்சம் பேர் என்றது அது. ஊழியங்கள் சொல்லிவந்த எண்ணிக்கைகளைவிட மிகக் குறைவு. பெரும்பாலோர் முதியவர்கள். பெண்கள் அதிகம். வருமானமும் படிப்பும் சராசரிக்குக் கீழே. ஏற்கெனவே ஆலயத்துக்குப் போகிறவர்கள். சுவிசேஷம் எட்டாதவரை எட்டுவதற்காக என்று கேட்ட பணம், சுவிசேஷத்தை வாழ்நாளெல்லாம் கேட்டவர்களிடமிருந்தே வந்து, பெரும்பாலும் அவர்களுடைய வரவேற்பறைக்கே நிகழ்ச்சியாகத் திரும்பிப் போனது.

1987 ஜனவரியில் ஓரல் ராபர்ட்ஸ், மார்ச் மாதத்துக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் தேவன் தன்னைப் பரலோகத்துக்கு அழைத்துக்கொள்வார் என்று நேயர்களிடம் சொன்னார். ஃபுளோரிடாவில் நாய்ப் பந்தயத் திடல் நடத்திய ஒருவர் 13 லட்சம் டாலர் கொடுத்து அந்தத் தொகையை நிறைவு செய்தார். ராபர்ட்ஸ் துல்சாவில் எழுப்பிய பிரமாண்ட மருத்துவ நகரம் இரண்டே ஆண்டில், 1989-இல், கடன் சுமையால் மூடப்பட்டது.

6 டாலர் 54 சென்ட்

போர்ட்ஸ்மத்தில் அழுத ஜிம் பேக்கர், 1970-களின் நடுவில் மனைவி டாமி ஃபேயுடன் வட கரோலினாவின் ஷார்லட் நகரில் பி.டி.எல். என்ற சொந்த ஊழியத்தை நடத்திக்கொண்டிருந்தார். செயற்கைக்கோள் வழியாக நாடெங்கும் ஒளிபரப்பு. எல்லையைத் தாண்டினால் தென் கரோலினாவில் 2,300 ஏக்கரில் ஹெரிடேஜ் யு.எஸ்.ஏ. என்ற கிறிஸ்தவ உல்லாச நகரம். 1986-இல் அங்கே வந்தவர்கள் சுமார் 60 லட்சம். டிஸ்னியின் இரண்டு பூங்காக்களுக்கு அடுத்தபடி மூன்றாவது இடம் என்றார்கள்.

1984 முதல் ‘வாழ்நாள் பங்காளர்’ திட்டம். 1,000 டாலர் கொடுத்தால் ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் மூன்று இரவு அங்கே இலவசமாகத் தங்கலாம். ஒன்றரை லட்சம் பேருக்குமேல் சேர்ந்து கொடுத்தது 15.8 கோடி டாலர். பெரும்பாலானவர்களுக்கு அது சேமிப்பு. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, குடியும் சூதும் இல்லாத இடத்தில் விடுமுறையைக் கழிக்கலாம் என்ற நல்ல ஆசை. ஆனால் கட்டி முடித்தது 500 அறைகள் கொண்ட ஒரே ஓட்டல். பக்கத்தில் எழுந்த உயரக் கோபுரம் முடியவே இல்லை. இத்தனை பேருக்கு இடம் கொடுக்க முடியாது என்று தெரிந்தே விற்றார்கள் என்பதுதான் பின்னாளில் நீதிமன்றத்தில் நிரூபணமான குற்றம். பணம் அன்றாடச் செலவுக்கும், ஒளிபரப்புக்கும், பேக்கர் எடுத்துக்கொண்ட 30 லட்சம் டாலருக்கும் மேலான ஊக்கத்தொகைக்கும் கரைந்தது. ஓட்டல் கட்டக் கொடுத்த பணம் ஒளிபரப்பு பில்லுக்குப் போனது. ஒளிபரப்பு ஓடினால்தான் அடுத்த மாதம் பங்காளர்கள் சேருவார்கள். அந்தச் சக்கரத்திலிருந்து இறங்க வழியே இல்லை.

‘ஷார்லட் அப்சர்வர்’ நாளிதழ் பல ஆண்டுகள் விடாமல் இந்தக் கணக்கைத் தோண்டியது. ஊழியத்தின் ஆதரவாளர்கள் சந்தாவை நிறுத்தினார்கள், திட்டிக் கடிதம் எழுதினார்கள். நிருபர் சார்ல்ஸ் ஷெப்பர்டும் சகாக்களும் நிறுத்தவில்லை. ஒரு பெண்ணை வாய்மூடவைக்கக் கொடுத்த பணம் வெளிவரவிருந்த நிலையில், 1987 மார்ச் 19 அன்று பேக்கர் பதவி விலகினார். மறு ஆண்டு அந்த நாளிதழுக்குப் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு. 1989 அக்டோபரில் 24 குற்றச்சாட்டுகளிலும் பேக்கர் குற்றவாளி என்று தீர்ப்பு. 45 ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1994-இல் வெளியே வந்தார்.

பங்காளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2003 வரை இழுத்தது. இழப்பீடாக ஆளுக்குக் கிடைத்தது 6 டாலர் 54 சென்ட்.

அதே 2003-இல் பேக்கர் மிசௌரி மாநிலத்திலிருந்து மறுபடி தொலைக்காட்சியில் தோன்றத் தொடங்கினார். 2020-இல், கொரோனாவின் ஆரம்ப நாட்களில், ‘சில்வர் சொல்யூஷன்’ என்ற வெள்ளிக் கரைசல் அவர் நிகழ்ச்சியில் விற்கப்பட்ட விதத்தை எதிர்த்து மாநில அரசு வழக்குப் போட்டது. 2021-இல் சுமார் 1,56,000 டாலரை வாங்கியவர்களுக்குத் திருப்பித்தர ஒப்புக்கொண்டு வழக்கு முடிந்தது. தவறேதும் செய்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு நிகழ்வு, 1991 நவம்பர் 21. டல்லஸ் பகுதியின் ராபர்ட் டில்டன் ‘சக்சஸ்-என்-லைஃப்’ என்ற நிகழ்ச்சியில் 1,000 டாலர் பொருத்தனை செய்யச் சொல்லிக் கேட்பவர். ஆண்டுக்கு சுமார் 8 கோடி டாலர் வருமானம் என்று சொல்லப்பட்டது. நேயர்களின் ஜெபக்குறிப்புகள் துல்சாவில் ஒரு வங்கிக்கு நேரே போய், அங்கே பணம் பிரிக்கப்பட்டு, கடிதங்கள் குப்பைத் தொட்டிக்குப் போவதை ஏ.பி.சி. தொலைக்காட்சியின் ‘பிரைம்டைம் லைவ்’ காட்டியது. குப்பையைக் கிளறியதில் பங்கெடுத்தது டல்லஸின் ட்ரினிட்டி ஃபவுண்டேஷன். ஒலே ஆன்டனி தலைமையில், சொத்தில்லாமல் கூடிவாழ்ந்த ஒரு சிறிய கிறிஸ்தவக் குழு. தான் ஜெபித்ததாகவே டில்டன் சாதித்தார். ஏ.பி.சி. மீது அவர் போட்ட வழக்கு நிற்கவில்லை. 1993-இல் நிகழ்ச்சி நின்றது. புற்றுநோய் தீர, குடிகாரக் கணவன் திருந்த என்று கையால் எழுதிய தாள்கள் அவை. பணத்தை எடுத்துக்கொண்டதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம்; அந்தத் தாளைப் படிக்காமல் எறிய மனம் வந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் உண்டு. பில்லி கிரகாமும் சகாக்களும் 1948-இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ ஊரில் கூடி, பணம், பெண், எண்ணிக்கைப் பெருமை ஆகியவற்றில் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். 1950-இல் போர்ட்லண்டில் வானொலி நேரத்துக்கான 25,000 டாலரை மக்கள் ஒரு செருப்பு டப்பாவில் போட்டுச் சேர்த்தபோது, அதைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளாமல் முறைப்படி ஓர் அமைப்பை நிறுவி அதில் சேர்த்தார் கிரகாம். பிறகு சம்பளக்காரரானார். அவரைக்கூட ‘ஷார்லட் அப்சர்வர்’ விட்டுவைக்கவில்லை: 2 கோடி டாலருக்கு மேல் கையிருப்புள்ள ஓர் அறக்கட்டளையைப் பற்றிப் பொதுமக்களுக்குச் சொல்லவில்லையே என்று 1977-இல் எழுதியது. அதன் பிறகு கிரகாம் கணக்குகளை வெளியிட்டார். சுவிசேஷ அமைப்புகள் தங்கள் கணக்கைத் தாங்களே தணிக்கைக்கு உட்படுத்தும் இ.சி.எஃப்.ஏ. என்ற மன்றம் 1979-இல் உருவானதில் அவருடைய அமைப்புக்கும் பங்குண்டு. எந்த உத்தமருக்கும் வெளியிலிருந்து ஒரு கேள்வி தேவைப்படுகிறது.

நம் பக்கத்துக்கும் இந்த அலை வந்திருக்கிறது. அமெரிக்காவில் வேர்கொண்ட ட்ரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ, இலங்கையின் புத்தளத்தில் அமைத்த சக்திவாய்ந்த மத்திய அலை ஒலிபரப்பி வழியாகப் பல ஆண்டுகள் தமிழிலும் நிகழ்ச்சிகளை அனுப்பியது. தென் தமிழகத்து வீடுகளில் இரவு நேரம் அதைக் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

போர்ட்ஸ்மத்துக்கு என்ன ஆனது? ராபர்ட்சன் அங்கே தொடங்கிய ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.என். 1977-இல் செயற்கைக்கோளில் ஏறி, பின்னாளில் ‘ஃபேமிலி சேனல்’ ஆனது. 1990-இல் அந்த அலைவரிசை, ராபர்ட்சனின் கட்டுப்பாட்டிலிருந்த ஒரு வணிக நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. 1997-இல் ஊடக முதலாளி மர்டோக் தரப்புக்கு 190 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. சி.பி.என்.னுக்கும் ராபர்ட்சன் நிறுவிய ரீஜண்ட் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பெரும் பங்கு போனது. ராபர்ட்சன் குடும்பமும் செல்வம் பெற்றது. மாதம் 10 டாலர் அனுப்பியவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அலைவரிசை யார் கைக்கு மாறினாலும் ‘தி 700 கிளப்’ ஓடியாக வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் விற்பனையோடு போனது.

சட்டம் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் ஆண்டு வரவு 50,000 டாலரை எட்டும் அறக்கட்டளைகள் பொதுவாக 990 என்ற படிவத்தை வருமான வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். யார் தலைவர், சம்பளம் எவ்வளவு, செலவு எதற்கு என்பதெல்லாம் அதில் இருக்கும், எவரும் பார்க்கலாம். சபைகளுக்கு மட்டும் அந்தக் கடமை இல்லை. மத சுதந்திரத்துக்காக வைத்த அந்த விலக்கு, அடுப்பெரிக்கவே திணறும் கிராமத்துச் சபைக்கும், விமானம் வைத்திருக்கும் தொலைக்காட்சி ஊழியத்துக்கும் ஒன்றுதான்.

2007 நவம்பரில் அயோவா செனட்டர் சக் கிராஸ்லி ஆறு பெரிய ஊழியங்களிடம் கணக்குக் கேட்டுக் கடிதம் எழுதினார். ஜாய்ஸ் மேயர், பென்னி ஹின் இருவர் தரப்பும் முழுமையாக ஒத்துழைத்தன. கென்னத் கோப்லண்ட், க்ரெஃப்ளோ டாலர், எடி லாங், பாலா ஒயிட் ஆகியோர் தரப்பு முழு விவரம் தரவில்லை. 2011 ஜனவரியில் தண்டனை எதுவுமின்றி விசாரணை முடிந்தது. 2015-இல் க்ரெஃப்ளோ டாலர், 6.5 கோடி டாலர் விலையுள்ள கல்ஃப்ஸ்ட்ரீம் விமானத்துக்காக 2 லட்சம் பேர் தலைக்கு 300 டாலர் தரவேண்டும் என்று கேட்டார். 2018-இல் லூசியானாவின் ஜெஸ்ஸி டூப்லாண்டிஸ் 5.4 கோடி டாலர் மதிப்புள்ள ஃபால்கன் விமானத்துக்கு விசுவாசிகளின் உதவியை நாடினார். அது அவருடைய ஊழியத்தின் நான்காவது ஜெட். ட்ரினிட்டி ஃபவுண்டேஷன் இந்த விமானங்கள் எங்கே பறக்கின்றன என்பதைக் கண்காணித்து வெளியிட்டு வருகிறது. அரசு செய்யாத வேலையை ஒரு சிறு குழு செய்கிறது.

திரையில் தோன்றி ஒரு மாநிலத்துக்கு அப்பால் பணம் கேட்கும் எந்த ஊழியமும் 990 படிவத்தைத் தர வேண்டும். குறைந்தபட்சம் அதையாவது சட்டமாக்க வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன். காணிக்கை கொடுப்பவரின் விசுவாசத்தில் அரசு கைவைக்க வேண்டியதில்லை. கொடுத்த காசு எங்கே போனது என்று அவர் பார்க்க ஒரு தாள் போதும். நடப்பு இதற்கு எதிர்த்திசையில் போகிறது. பில்லி கிரகாம் நிறுவிய அமைப்பே சில ஆண்டுகளுக்கு முன் வருமான வரித் துறையிடம் ‘சபைகளின் கூட்டமைப்பு’ என்று வகை மாற்றிக்கொண்டு, அந்தப் படிவத்தைத் தாக்கல் செய்வதை நிறுத்திவிட்டது.